காரில் இழுத்துப் போய்த் தங்கும் ஆர்வி ட்ரெய்லரின் கூரை ஏசிக்கு 14 வயது. ரிப்பேர் செய்வதா, புதிது மாட்டுவதா?

இந்த விஷயத்தில் நான் ஒரு முறை ஜெயித்தேன், ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ஏசியில் காற்று வருகிறது, குளிர் இல்லை, கடையில் 2,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள் என்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போல கோவிட் சமயத்தில் யாரோ ஓட்டித் தீர்த்த ட்ரெய்லரை வாங்கியிருப்பீர்கள், ஊரிலிருந்து பெரியவர்கள் வருவதற்குள் சரியாக வேண்டும் என்ற கவலையில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். 2021-இல் வாங்கியது 2008 மாடல் ட்ரெய்லர், கூரையில் 13,500 பிடியூ ஏசி, அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த வருடம் ஜூலையில் இங்க்ஸ் லேக் பூங்காவில் போய் நிறுத்திய அன்று ஏசி கைவிட்டது. ஃபேன் ஓடுகிறது. கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது. இரண்டு குழந்தைகள், வெளியே 102 டிகிரி. அன்று இரவே வீடு திரும்பினோம்.

கடையில் பார்ப்பதற்கு மட்டும் 175 டாலர் வாங்கிக்கொண்டு, "கம்ப்ரஸர் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், 2,400 ஆகும்" என்றார்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்றால் நேரான பதில் இல்லை. ஏசியின் மேல்மூடியைக் கழற்றிய அடையாளமே தெரியவில்லை. தூசி அப்படியே இருந்தது.

மாமனார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வாட்சப்பில் அந்த உறுமலைக் கேட்டதுமே, "கண்டன்சர் போயிருக்கும் மாப்பிள்ளை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏசியில் கண்டன்சர் என்றால் பின்பக்கம் இருக்கும் பெரிய குழாய்ச் சுருள் (காயில்), அதை மாற்றுவதற்குப் புது ஏசியே வாங்கிவிடலாம். அரை மணி நேரம் இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "நம்ம வீட்டு ஃபேன் மெதுவா சுத்துனா என்ன மாத்துவோம்?" என்று அவர் கேட்ட பிறகுதான் புரிந்தது. ஊரில் நாம் கண்டன்சர் என்று சொல்வது கெப்பாசிட்டரை.

கரண்டைத் துண்டித்துவிட்டுக் கூரையில் ஏறி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டரின் தலை, கெட்டுப்போன சோடா டின் மாதிரி உப்பியிருந்தது. அதே மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) எண் பார்த்துப் புதிது வாங்கினேன், 22 டாலர். மாட்டியதும் ஓடியது. இரண்டு கோடை ஓடியது!

(எலக்ட்ரீஷியன்கள் யாராவது கமெண்டில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளைத் தூக்கி அடிக்கும், கூரையிலிருந்து விழவும் வைக்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் தொடவே வேண்டாம். நான் செய்தேன் என்பதற்காக நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை.)

அந்த வெற்றி தலைக்கு ஏறியதுதான் வினை. 2024-இல் மறுபடி குளிர் குறைந்தது. இந்த முறை கம்ப்ரஸர் ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் வித்தியாசம் 7 டிகிரி ஃபாரன்ஹீட்தான். நல்ல ஏசியில் 16 முதல் 22 வரை இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழுவினேன், காயிலைச் சுத்தம் செய்தேன். ஏசிக்கு நேர் கீழே இருக்கும் சீலிங் பெட்டிக்குள் குளிர்ந்த காற்று கசிந்து, ஏசி உள்ளே இழுக்கும் காற்றோடு கலக்கிறதா என்று பார்த்து ஃபாயில் டேப் ஒட்டினேன். 9 ஆனது, அதற்கு மேல் நகரவில்லை.

அப்படியென்றால் கேஸ் கசிகிறது. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இருப்பதுபோல் கேஸ் ஏற்றுவதற்கு இதில் வால்வு கிடையாது. ஃபேக்டரியிலேயே நிரப்பி, குழாயை மூடிப் பற்றவைத்து அனுப்புகிறார்கள். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். குழாயில் துளை போட்டு வால்வு மாட்டிக் கேஸ் ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். 350 டாலர் கொடுத்தேன். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை, ஐந்தே வாரம்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட், கன்ட்ரோல் போர்டு, ஃபேன் மோட்டார் என்று வெளியே கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் 14 வயதானாலும் ரிப்பேர் செய்யுங்கள். கம்ப்ரஸர், காயில், கேஸ் என்று வந்துவிட்டால் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். நல்ல வேளையாக இந்த ஊர் ஆர்விகளில் கூரைத் துளை பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம்தான், வேறு கம்பெனி ஏசியும் உட்காரும். சீலிங் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் ஒத்துப்போகுமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். நான் 900 டாலருக்கு வாங்கி, இரண்டு நண்பர்களோடு ஏற்றினேன். 40 கிலோ கனம், தனியாக முயற்சி செய்ய வேண்டாம். அடியில் வைக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். நான்கு போல்ட்டையும் சமமாக முடுக்குங்கள். பலம் இருக்கிறதே என்று இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி மழைத்தண்ணீர் உள்ளே வரும்.

அந்த வேலைக்காக ட்ரெய்லர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்ஓஏ-விடமிருந்து போட்டோவோடு கடிதம், 50 டாலர் அபராதம். எதிர்வீட்டுக்காரரின் படகு மே மாதத்திலிருந்து அங்கேயே நிற்கிறது, அதற்கு ஒரு கடிதமும் இல்லை. நம் சொந்த வீடு, நம் சொந்த வாசல், அதற்கு மாதாமாதம் இவர்களுக்குப் பணம் வேறு. சரி, விடுங்கள். ஆர்வி வைத்திருப்பவன் அழலாமா என்று கேட்பவர்கள் ட்ரெய்லரை நிறுத்த நான் கொடுக்கும் வாடகையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. கேம்ப்கிரவுண்டில் சாயங்காலம் எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். ஒரு இடத்தில் 120 வர வேண்டிய பிளக்கில் 103 பார்த்திருக்கிறேன். ஸ்டெபிலைசரோடு வளர்ந்த நமக்கே அமெரிக்காவில் அந்த எண்ணம் வருவதில்லை. என் பழைய கெப்பாசிட்டர் போனதற்கும் அதுதான் காரணமோ என்று சந்தேகம் உண்டு. இப்போது வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் பெட்டி ஒன்றை மாட்டித்தான் பிளக் செருகுகிறேன்.

கடைக்கு 2,000 கொடுப்பதற்கு முன்னால் கம்ப்ரஸர் உறுமுகிறதா, ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஓடினால் ஃபில்டரைக் கழுவி, 20 நிமிடம் ஓடவிட்டு, சமையலறைத் தெர்மாமீட்டரால் இரண்டு இடத்திலும் அளந்து எண்ணைக் கீழே எழுதுங்கள். உறுமினால் அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் செய்து அனுப்புங்கள், மாமனார் இந்த மாதம் எங்களோடுதான் இருக்கிறார்.