மூச்சைச் சேமிக்கப் போய் வந்த தலைவலி

கேள்வி: வயது 38. விடுமுறை நாட்களில் ஸ்கூபா சிலிண்டரோடு 18, 20 மீட்டர் ஆழம்வரை இறங்கி சிங்கி இறால், சிப்பி பிடிப்பேன். நண்பரும் நானும் ஒரே அளவு சிலிண்டரோடு சேர்ந்துதான் இறங்குகிறோம். அவர் சிலிண்டரில் 90 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போது எனக்கு 50-க்கு வந்துவிடுகிறது. ‘ஒவ்வொரு மூச்சையும் இழுத்து ஐந்தாறு நொடி அடக்கி விடு, காற்று மிச்சமாகும்’ என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்ததில் சில நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது உண்மை. ஆனால் மேலே வந்ததும் நெற்றியிலும் பொட்டிலும் விண்விண் என்று வலி. இரவுவரை விடுவதில்லை, மாத்திரைக்கும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு பெரிய இறாலைத் துரத்தியதில் 10 பாரோடு மேலே வந்தேன். தினம் நாலைந்து சிகரெட் உண்டு. என் நுரையீரலில் கோளாறா?

பதில்: பல நாடுகளில் சிலிண்டரோடு இறங்கி இறால் பிடிக்கத் தடை இருக்கிறது. நீங்கள் பிடிக்கும் இடத்தில் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூச்சை அடக்குவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் தலைவலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆக்சிஜன் குறைவதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண நிலையில் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. உடலியல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். நீங்கள் மூச்சை அடக்கும்போது அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தலை விண்விண் என்று தெறிக்கிறது. ஆழத்தில் காற்றின் அடர்த்தியும் கூடுவதால் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும், தேங்கல் இன்னும் அதிகமாகும். தலைவலியோடு போனால் பரவாயில்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறினால் காரணமில்லாத பதற்றம் வரும், யோசனை மந்தமாகும். கடலடியில் இரண்டுமே ஆபத்து.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நுரையீரல் நிறையக் காற்றை அடக்கி வைத்திருக்கிறீர்கள், ஓர் அலை உங்களைத் தூக்குகிறது. ஒரு மீட்டர் சொச்சம் மேலே போனாலே உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். அந்தக் காற்று இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் போல அடித்துவிடும். ஸ்கூபாவில் முதல் நாள் சொல்லித்தரும் பாடமே ‘மூச்சை அடக்காதே’ என்பதுதான்.

சரி, காற்று எங்கே போகிறது? அமைதியாக மிதந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. ஆகவே அதே மூச்சுக்கு 45 லிட்டர் செலவாகும். இப்போது இறால் வேட்டையைப் பாருங்கள். பாறை இடுக்கில் தலையை நுழைத்து, கையை நீட்டி, அது கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுக்க, நீங்கள் கால்களை உதைத்துக்கொண்டு இழுக்கிறீர்கள். அந்த நேரத்தில் மூச்சு சுலபமாக 40 லிட்டரைத் தொடும். மூன்றால் பெருக்கினால் 120. 12 லிட்டர் சிலிண்டரில் அது நிமிடத்துக்கு 10 பார். மூன்று நிமிட மல்லுக்கட்டில் 30 பார் காலி, அந்த மூன்று நிமிடமும் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டர் உங்கள் கண்ணில் படாது. நானும் ஸ்கூபா பழக்கம் உள்ளவன்தான். இடுக்கிலிருந்து தலையை எடுத்து முள்ளைப் பார்த்துத் திடுக்கிட்ட அனுபவம் எனக்கும் உண்டு.

ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டியது மூச்சில் அல்ல, உழைப்பில். நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக, முழுசாக வெளியே விடுங்கள். நடுவில் நிறுத்தம் வேண்டாம். மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையைத் தேவைக்கு மேல் கட்டாதீர்கள். வராத இறாலை விட்டுவிடுங்கள். இடுக்கில் கை வைக்கும் முன் ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். இறங்குவதற்கு முன் மீட்டரைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழுங்கள். மூச்சுக்கு மூச்சு முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

10 பார் கதைக்கு வருவோம். உங்கள் நண்பரின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் 20 மீட்டரிலிருந்து ஏற வேண்டியிருந்தால் என்ன ஆகும்? பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். கீழே சுதாரிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற்றம், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம். கூட்டினால் 700 லிட்டருக்கு மேல், அதாவது 60 பார். அதனால் 70, 80 பாரிலேயே ஏறத் தொடங்குங்கள். இருவரில் யாருக்கு முதலில் அந்த அளவு வருகிறதோ, இருவருக்கும் அன்றைய வேட்டை அதோடு சரி. உடல்வாகு பெரிதென்றால் மூச்சும் பெரிதாகத்தான் இருக்கும். நண்பரோடு போட்டி வேண்டாம்.

அப்புறம், வலைப்பையை உடம்போடு கட்டிவிடாதீர்கள், ஒரு கையால் கழற்றிவிடும்படி மாட்டுங்கள். பை கனத்ததும் மிதவைச் சட்டையில் காற்று ஏற்றி அதைச் சுமப்பது தப்பு. பை நழுவினால் நீங்கள் தக்கை போல மேலே எகிறுவீர்கள்.

தலைவலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஒரே கம்ப்ரஸரில் நிரப்பிய நண்பருக்கும் தலைவலி, குமட்டல் என்றால் காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கலாம். அதற்கு வாசனை கிடையாது. இறங்கும்போதே நெற்றியிலோ கன்னத்திலோ குத்தினால் அது சைனஸ். மேலே வந்தபின் கை கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், மூட்டுவலி, மூச்சுத்திணறல், நுரையோடு இருமல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். படுக்க வைத்து சுத்த ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

நுரையீரல் கோளாறா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் சிகரெட் இருப்பதால் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். படி ஏறும்போது இளைப்போ, இரவில் விசில் சத்தமோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம். அந்த இடைவெளியில், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரையும் சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாம்.