சில்லும் கலப்பையும் படிக்கப்போகும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

விவசாய பீடத்தில் இறுதி ஆண்டுக்குப் போகும் மகள் விவசாயப் பொறியியலை எடுத்து, உழவு இயந்திரச் சில்லும் கலப்பையும் மண்ணில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆய்வுகூடத்தில் சோதிக்க விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு படிக்க வைத்தது கலப்பை பிடிக்கவா?" என்று சொந்தக்காரர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு செம்பாட்டுத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுத் தண்ணீர் விட்ட பாத்தியும் விடாத பாத்தியும் ஒரே மண்தான். ஆனால் கலப்பையை இழுக்க வேண்டிய விசை இரண்டிலும் வேறு. அப்படியானால் இரண்டு கலப்பைகளில் எது நல்லது என்று தோட்டத்தில் வைத்து எப்படித் தீர்ப்பது? அதற்குத்தான் மண்ணையே ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவருகிறார்கள். நீளமான ஒரு தொட்டி, இருபுறமும் தண்டவாளம், அதன் மேல் ஓடும் வண்டி. வண்டியில் கலப்பை முனையையோ ஒற்றைச் சில்லையோ பொருத்தி, விசையை அளக்கும் லோட் செல்களை இணைப்பார்கள். ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். மண்ணைத் தயார் செய்வதில்தான் நேரம் போகும்: கிளறி, அளவாக நனைத்து, மட்டப்படுத்தி, உருளையால் அமுக்கி, கூம்பு முனைக் கம்பியைப் பல இடங்களில் இறக்கி எல்லா இடமும் ஒரே இறுக்கமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு திரும்பவும் முதலிலிருந்து. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது சரிவராது.

இதில் கிடைக்கும் விடைகள் நம் வயல்களுக்கு நேரடியாகத் தேவை. வேகத்தைக் கூட்டினால் இழுவிசை எவ்வளவு ஏறும், டீசல் எங்கே வீணாகும், சில்லு எந்த அளவுக்கு மேல் வழுக்கினால் நட்டம் என்பதெல்லாம் இப்படி அளந்துதான் தெரியவரும். மண் இறுகுவதில் பெரும்பங்கு சில்லு முதல்முறை ஏறிப் போகும்போதே நடந்துவிடுகிறது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெல்வயலில் அடியில் இறுகிய ஒரு படை இருப்பது நல்லது, தண்ணீரைத் தாங்கும். அதே வயலில் நெல்லுக்குப் பிறகு பயறோ உளுந்தோ போட்டால் வேர் இறங்க முடியாமல் அந்தப் படையே தடையாகிவிடும். எந்தச் சில்லு, எவ்வளவு பாரம், எந்த ஈரத்தில் இறக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இது புதிய துறையும் அல்ல. அமெரிக்காவில் ஓபர்ன் நகரில் 1930களிலேயே முழு அளவுக் கலப்பைகளையும் சில்லுகளையும் சோதிக்கும் மண் தொட்டிகளைக் கட்டிவிட்டார்கள். போலந்தில் பிறந்த பெக்கர் என்ற பொறியியலாளர் மண்ணில் சில்லு புதைவதைக் கணக்கிடும் முறைகளை உருவாக்கினார். 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் சந்திரனில் ஓட்டிய வண்டியின் சில்லுகளுக்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

சரி, வேலை. "மண் தொட்டிச் சோதனைக்கு ஆள் தேவை" என்று பத்திரிகையில் விளம்பரம் வராது, அதை நம்பி அவளை அனுப்ப வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் மஹா இலுப்பள்ளமவில் இருக்கிறது, ஆனால் அரச பதவிகள் கொஞ்சம்தான். பட்டதாரி நியமனம் வரும் என்று வருடக்கணக்கில் வீட்டில் இருந்த பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த ஆய்வு அவளுக்குத் தரப்போவது அளக்கத் தெரிந்த கை. உணரியைப் பொருத்தி, அளவுதிருத்தம் செய்து, தரவை எடுத்து, எது உண்மையான வித்தியாசம், எது தற்செயல் என்று புள்ளிவிபரத்தால் பிரித்துக் காட்டத் தெரிந்தவரை இயந்திர இறக்குமதி நிறுவனங்களும் ரயர் தொழிற்சாலைகளும் தரச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். காற்றடைக்காத திண்ம ரயர் உற்பத்தியில் இலங்கைக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் பேராசிரியர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆகவே கொஞ்சம் கணினி நிரல் எழுதவும் இப்போதே பழகட்டும்.

பட்டறையில் பெண்பிள்ளை தனியாக வேலை செய்வது பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வேலை நேரம், உதவிக்கு இருக்கும் ஆய்வுகூட உத்தியோகத்தர், போக்குவரத்து ஆகியவற்றைத் துறையிலேயே நேரில் கேளுங்கள். அதைக் காரணம் காட்டி விருப்பத்தையே மறிக்க வேண்டாம்.

ஆய்வு முன்மொழிவைக் கொடுப்பதற்கு முன் அவள் மேற்பார்வையாளரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்கட்டும். லோட் செல்லும் தரவுப் பதிவுக் கருவியும் கையில் இருக்கின்றனவா, இனித்தான் வாங்க வேண்டுமா? தொட்டி இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் சிறியதாக ஒன்று செய்விக்கப் பணம் உண்டா? ஒற்றைக் கலப்பை முனை, ஒரே மண், இரண்டு மூன்று ஈர நிலைகள் என்று சுருக்கிக்கொண்டால் ஒரு வருடத்துக்குள் முடிக்கலாம். கருவிகள் இனித்தான் வரவேண்டும் என்றால், வரும் திகதியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே தலைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.