பெயரைப் பதியும் முன் ஒரு பூஜ்யம்

கேள்வி: தங்கச்சிமடத்தில் அம்மா தனியாக இருக்கிறார். கைப்பேசி அவருக்குப் பழகவில்லை. காலர் ஐடி உள்ள வீட்டுத் தொலைபேசிதான். வரும் எண்களை நாள்காட்டியில் எழுதி வைக்கிறார். அவற்றைப் போனிலேயே பெயரோடு பதிய முடியுமா? ஒன்றிரண்டைப் பதிந்து பார்த்தேன். திருப்பி அழைத்தால் போகவில்லை.

பதில்: தாராளமாகப் பதியலாம். கையால் எழுதும்போது ஓர் இலக்கம் தவறிவிடும். போனுக்குள் அப்படியே நிற்கும். அழைப்பு போகாததற்குப் பெரும்பாலும் ஒரு பூஜ்யம்தான் காரணமாக இருக்கும்.

தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னால் 0 போட வேண்டும் என்ற முறை 2021 ஜனவரி 15 முதல் இருக்கிறது. அழைப்பு வரும்போது திரையில் 10 இலக்கம் மட்டும் தெரிந்தால், அதை அப்படியே பதிவது வீண். முதலில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, அம்புக்குறியால் எண்ணைத் தேடுங்கள். திருத்தும் பொத்தானை அழுத்தி முன்னால் 0 சேருங்கள். பிறகு பெயரை அடித்துச் சேமியுங்கள். பொத்தானின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே வந்த கையேட்டில் பாருங்கள். 0 சேர்த்த பின் சில போன்களில் அழைப்பு வரும்போது பெயர் தெரியாமல் போகலாம். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. அவசரத்தில் அம்மாவால் அழைக்க முடிவதுதான் முக்கியம்.

கீழக்கரைத் தரைவழி எண் 4567 என்று தொடங்கினால் அதற்கும் முன்னால் 0 வேண்டும். ராமேசுவரம், மண்டபம் எண்களுக்கு உங்கள் ஊரின் 04573 குறியீடுதான். அதனால் குறியீடு இல்லாமல் கடைசி 6 இலக்கம் போதும். துபாய் எண் 971 என்று தொடங்கினால் முன்னால் 00 சேருங்கள்; இணைப்பில் வெளிநாட்டு அழைப்பு வசதியும் இருக்க வேண்டும்.

முதல் மணியிலேயே எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பல இணைப்புகளில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் எண் வந்து சேர்கிறது. முந்தி எடுத்தால் பட்டியலில் எதுவும் ஏறாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெரும்பாலான போன்களில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும். அம்மாவுக்கு அது வாசிக்க வராது என்றால், ஒரு பொத்தானுக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கும் விரைவு அழைப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். 2 அண்ணன், 3 மருந்துக்கடை, 4 பக்கத்து வீட்டு அத்தை என்று வைத்து, பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் போனின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று சும்மா விடாது. மண்டபத்தில் ஒரு வீட்டுப் போனைத் திருப்பி மூடியைக் கழற்றினேன். பேட்டரியைத் தாங்கும் சுருள்கம்பி முழுவதும் பச்சை பூத்திருந்தது, பதிந்த பெயர்களும் போய்விட்டிருந்தன. உங்கள் போனில் பேட்டரி உண்டென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள். கம்பியில்லாப் போன் என்றால் மின்சாரம் போனதும் பேசாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கம்பியுள்ள சாதாரணப் போன் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

எல்லாம் பதிந்ததும் அம்மாவை உட்கார வைத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அவரையே ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். எல்லா எண்ணும் மணியடிக்கும்வரை அந்த நாள்காட்டி ஆணியிலேயே தொங்கட்டும்.