பதில்: ஏற்காட்ல என் மழைமானி 62 மி.மீ., சாட்டிலைட் 18 தானா?

அண்ணே, உடனே மானிய தூக்கிப் போட்றாதீங்க. நீங்க பாக்குறது நாசாவோட ஐமெர்ஜ், சாட்டிலைட்ட வச்சுப் போடுற மழைக்கணக்கு; அந்த டேட்டால மேப்ல ஒரு கட்டம் 0.1 டிகிரி, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டருக்கு 11, அதுக்குள்ள உங்க காப்பித் தோட்டமும் வரும் பள்ளமும் வரும், மேல கொட்டோ கொட்டுனு கொட்டுறப்ப கீழ அடிவாரத்துல ரோடு கூட நனையாது, எல்லாத்தையும் சேத்து சராசரி போட்டா கம்மியாத்தான் நிக்கும். அதுவும் மலைல மோதி ஏறுற மேகத்துக்கு உச்சி அவ்ளோ குளிரா இருக்காது, பனித்துகளும் கம்மி, இது ரெண்டையும் பாத்து மழைய எடை போடுற சாட்டிலைட் அத தூறல்னு நெனச்சுக்கும்.

இன்னொன்னு, நீங்க அளக்குறது காலைல 8.30க்கு, வானிலைத் துறை கணக்கும் அதான். ஐமெர்ஜோட நாள் உலக நேரப்படி, நம்மூர் காலை 5.30க்கே முடிஞ்சிடும், 6 மணிக்குப் பெஞ்ச மழை அடுத்த நாள் கணக்குல போய் ஒளிஞ்சுக்கும். அரைமணி நேர டேட்டாவ எடுத்து 8.30லருந்து 8.30 வரைக்கும் கூட்டிப் பாருங்க.

நீங்க போட்ட மானி போட்டோல ஒன்னு மட்டும் இடிக்குது. சில்வர் ஓக் கிளை மானிக்கு நேர் மேல நீட்டிட்டிருக்கே! மழை விட்டப்புறமும் இலைத்தண்ணி சொட்டு சொட்டா உள்ள விழும், நானும் இப்படி ஒரு சீசன் பூரா ஏமாந்தவன்தான். மரத்து உயரத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளி மானிய வச்சுட்டு அடுத்த மழைக்கு எத்தன மி.மீ.னு இங்க போடுங்க.