நாற்பதாம் நாள் பிரியாணி யார் கணக்கில்?

கேள்வி: வாப்பா மவுத்தாகி (இறந்து) ஆறு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு (இறந்தவருக்காக ஓதும் சடங்கு) ஊரைக் கூட்டிப் பிரியாணி போட்ட செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் பங்கு என்கிறார் அண்ணன். உம்மா, அண்ணன், நான், தங்கை நால்வர்தான் வாரிசு. இது சரியா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: பிரியாணி மட்டனா, கோழியா? தாளிச்சா உண்டா? எழுதவே இல்லையே. உருளைக்கிழங்கு போட்டிருந்தால் அண்ணன் பக்கம் நியாயமே கிடையாது, வழக்கை இங்கேயே தள்ளுபடி செய்கிறேன். (உருளைக்கிழங்குக்கு வக்காலத்து வாங்கி மாதாமாதம் கடிதம் போடும் வாசகர் இந்த மாதமும் போடலாம். பிரசுரிக்க மாட்டேன்.)

ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களில், இறந்தவர் சொத்திலிருந்து எதை முதலில் கழிப்பது என்ற வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் கஃபன் (மய்யித்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்குப் போர்த்தும் துணி), அடக்கச் செலவு. அடுத்து கடன். அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் (உயில்). மீதி வாரிசுகளுக்கு. ஆணுக்குக் கஃபன் துணி மூன்று. அதற்குப் பக்கத்தில் எங்கேயும் பிரியாணி தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்) இல்லை.

இன்னொன்று. முஅத்தா போரில் நபிகளின் பெரியப்பா மகன் ஜஅஃபர் ஷஹீதான (வீரமரணமடைந்த) செய்தி வந்தபோது, 'ஜஅஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள்' என்றுதான் நபிகள் சொன்னார்கள். சோறு துக்க வீட்டுக்குள் போக வேண்டும். நாமோ அங்கே அடுப்பு மூட்டி, ஊரைக் கூப்பிட்டு சஹன் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைக்கிறோம். நாலு பேர் ஒரு சஹனில் உட்கார்ந்து, 'மர்ஹூம் நல்ல மனுசர், கறிதான் கொஞ்சம் வேகல' என்கிறார்கள்.

அண்ணன் ஆசைப்பட்டு விருந்து வைத்தாரா, அவர் கைக்காசு. நீங்கள் மூவரும் மனமொப்பிச் சம்மதித்திருந்தால் வேறு கதை. இல்லை, பிரியாணியையும் சொத்தில்தான் சேர்ப்பேன் என்றால் பங்குப்படியே பரிமாறட்டும். வாப்பாவின் பெற்றோர் இல்லை என்பதால் மொத்தம் 32 துண்டு கறி. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 4. அண்ணனுக்கு 14. உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 7. ஊருக்கு எலும்புகூட மிஞ்சாது.

இந்தப் பின்னங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலில் ஏறக்குறைய பாதி பாகப்பிரிவினைக் கணக்கும் வஸிய்யத் கணக்கும்தான். நம் பள்ளிகளில் பின்னத்துக்கு இன்னும் மாங்காயை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். தங்கை பங்கைக் கொடுத்து அந்தப் பாடம் நடத்தினால் எத்தனை அண்ணன்கள் பாஸாவார்கள்? 'ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று' என்ற வசனம் இவர்களுக்கு மனப்பாடம். அந்த ஒன்றைக் கொடுக்கச் சொன்னால்தான் ஓதியது மறந்துவிடுகிறது.

அடுத்து 'வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை' என்று வருவார். 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை. சென்னை மாகாணம் 1949-இலேயே அதைத் திருத்தி நிலத்தையும் சேர்த்துவிட்டது.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. உம்மாவின் நிக்காஹ் எழுதிய பள்ளிவாசல் தஃப்தரை (பதிவேட்டை) போய்ப் பார்த்து, நகல் வாங்குங்கள். மஹர் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடை) பாக்கி இருந்தால் அது வாப்பாவின் கடன், பங்குக்கு முன்னால் தீர்க்க வேண்டியது. அண்ணன் பண்டாரியின் (சமையல்காரரின்) பில்லோடு வந்து உட்காரும்போது, நீங்கள் அந்த நகலை எடுத்து வையுங்கள்.