வாசகர் கேள்விகள்: பச்சை இறைச்சியில் ஒரு பொம்மை

கேள்வி: ‘ஸ்டாப்மோஷன்’ படத்தை ராத்திரி தனியாகப் பார்த்துத் தொலைத்தேன். அதில் வரும் அந்தச் சின்னப்பெண் பேயா, இல்லை கதாநாயகியின் மனப்பிரமையா?

பதில்: ராபர்ட் மார்கன் இயக்கி 2023இல் வந்த பிரிட்டிஷ் படம் அது. பேயா பிரமையா என்று படம் கடைசிவரை வாய் திறப்பதில்லை. எனக்குப் பயம் தந்தது அந்தப் பெண் இல்லை, வேறு. அம்மா, பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு அசைவாகப் படமெடுக்கும் ‘ஸ்டாப்மோஷன்’ முறையில் பெரிய இயக்குநர், மூட்டுவாதத்தில் விரல் மடங்காது, அதனால் மகள் எல்லா (பெயரே அதுதான்) அம்மா சொல்லச் சொல்ல பொம்மையை நகர்த்திக்கொண்டே இருக்கிறாள். அம்மா படுத்தபடுக்கையானதும் இனி நம் சொந்தக் கதை என்று கிளம்புகிறாள், பார்த்தால் கதையே இல்லை! உடனே அந்தச் சின்னப்பெண் வந்து கதை சொல்ல, பழையபடி இன்னொருத்திக்குக் கையாகிவிடுகிறாள். பச்சை இறைச்சியிலும் செத்த நரியிலும் பொம்மை செய்யப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான். கடைசி அரைமணி ரத்தம் எனக்குக் கொஞ்சம் திகட்டியது.

கேள்வி: செத்த பிராணியை வைத்தெல்லாம் நிஜமாகவே யாராவது படம் எடுப்பார்களா?

பதில்: எடுத்திருக்கிறார்கள், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே. லித்துவேனியாவின் கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஸ்டாரெவிச், மான்கொம்பு மாதிரி தாடை உள்ள வண்டுகள் சண்டை போடுவதைப் படமெடுக்க ஆசைப்பட்டார். விளக்கைப் போட்டால் அவை அசையாமல் கிடந்தன. சரி என்று செத்த வண்டுகளின் காலை எடுத்துவிட்டு மெழுகால் கம்பி ஒட்டி, ஒவ்வொரு அசைவாக எடுத்தார். 1912இல் வந்த அவருடைய வண்டுப் படத்தைப் பார்த்து, பழக்கின பூச்சிகள் என்று நம்பினவர்களும் உண்டாம்.

கேள்வி: என் மகள் மொபைலில் களிமண் பொம்மைப்படம் எடுக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதிலேயே விழுவதில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேம் (அசையாத தனித்தனிப் படங்கள்), ஒரு நிலையை இரண்டு பிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் பத்து நொடிக்கு 120 தடவை பொம்மையின் முழங்கையை ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்து, மூச்சை அடக்கி, ஒரு கிளிக். நடுவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆஸ்கர் வாங்கிய அமெரிக்கக் கலைஞர் பில் டிப்பெட், ‘மேட் காட்’ என்ற பொம்மைப்படத்தை நடுவில் பல வருஷம் கிடப்பில் போட்டும் விடாமல் முப்பது வருஷம் கழித்து 2021இல் முடித்தார், அந்த உழைப்பில் மனநல மருத்துவமனையில் படுக்கும் நிலையும் வந்தது. உங்கள் மகளுக்கு அவ்வளவு தூரம் முற்றவில்லை. ராத்திரி தூங்குகிறாளா, பள்ளிக்கூடம் போகிறாளா, அதை மட்டும் கவனியுங்கள். சாப்பாட்டை அவள் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள், ஆனால் மேசையில் இடித்துவிடாதீர்கள். மொபைல் அசைந்தால் அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்கவேண்டும், அப்புறம் சாப்பாடு ஆறிப்போகும்.