நீமோ குஞ்சுகள் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, எத்தனை சொட்டு மருந்து விடலாம்?

கேள்வி: ஐயா, கொல்லங்கோட்டில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஏழு வருஷமாகக் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கடல் மீனில் நல்ல காசு என்று கேள்விப்பட்டு, திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் இருபது நீமோ (கோமாளி மீன்) குஞ்சு வாங்கினேன். தொட்டி 200 லிட்டர். தேங்காப்பட்டணத்திலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். நாக்கில் வைத்துப் பார்த்ததில் உப்புக் குறைவாகத் தெரிந்ததால் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் போட்டேன். கப்பித் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பான்ஜ் பில்டரையே மாட்டியிருக்கிறேன். கடைக்காரர் சொன்னபடி பையைத் திறந்து வாளியில் ஊற்றி, ட்யூபில் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் தொட்டித் தண்ணீர் விட்ட பிறகுதான் மீனை இறக்கினேன். இன்று நான்காம் நாள். ஐந்து செத்துவிட்டது. மற்றவை மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, தீனி எடுக்கவில்லை, செவுள் வேகமாக அடிக்கிறது. கடைக்காரர் காப்பர் மருந்தும் நீல மருந்தும் கொடுத்திருக்கிறார். எத்தனை சொட்டு விட வேண்டும்? ஒரு அனிமோன் (கடல் சாமந்தி என்கிற உயிரினம்) வைத்தால் மீனுக்குப் பயம் தெளியும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, ஒரு சொட்டும் விட வேண்டாம். இரண்டு குப்பியையும் அலமாரியில் வையுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. மீன் கழிவிலிருந்து சேரும் நச்சான அமோனியாவைப் பார்க்கும் கிட் ஒன்றை வாங்கித் தொட்டித் தண்ணீரைப் பாருங்கள். நிறம் மாறினால் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே உப்பளவும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீர் விடுங்கள். ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள். லைட்டை அணையுங்கள். கீழே கிடக்கும் தீனியை உறிஞ்சி எடுங்கள், நாளை வரை புதிதாகப் போட வேண்டாம்.

"அதே உப்பளவு" என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கடையில் மீன் இருந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு, உங்கள் தொட்டியில் எவ்வளவு? இத்தனை விவரமாக எழுதிய கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

கடைக்காரர்கள் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பல கடல் மீன் கடைகளில் தொட்டியின் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கடல் தண்ணீர் சுமார் 35 பிபிடி, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. கடைத் தொட்டியில் 24, 25 இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் கொஞ்சம் அடங்கியிருக்கும், மீன் விற்றுப்போகும் வரை தெம்பாகவே தெரியும். அதில் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வாங்குகிறவரிடம் அந்த எண்ணைச் சொல்லாமல் பையைக் கட்டிக் கொடுப்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன்.

கப்பி வளர்த்த கை என்பதால் இதையும் சொல்கிறேன். கப்பியின் உடம்புக்குள் தண்ணீர் தானாக ஏறும், அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் மீனுக்கு நேர் எதிர். அதன் ரத்தத்தில் இருக்கும் உப்பு கடல் தண்ணீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். மீன் கடல் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிப் பிழைக்கிறது. 25-இல் இருந்த மீனைச் சில மணி நேரத்தில் 35-க்கு ஏற்றினால் அந்த வேலையைச் செய்ய அதற்கு அவகாசமே இல்லை. உப்பை இறக்குவதை மீன் பெரும்பாலும் தாங்கும், ஏற்றுவதைத் தாங்காது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிபிடிக்கு மேல் ஏற்றவே கூடாது.

ஆகவே உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மீனுக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டியது, இப்போதாவது வாங்குங்கள். நாக்கு அளவுகோல் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு மூடியை அமுக்கி, வெளிச்சத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் எண் தெரியும். சுத்தமான டிஸ்டில்டு வாட்டரை விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். 35 பிபிடி சரிபார்ப்புத் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியதும் தொட்டியை அளந்துவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டு அவர் தொட்டியின் எண்ணைக் கேளுங்கள். உங்களுடையது அதிகமாக இருந்தால், குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அவர் அளவுக்கு இறக்குங்கள். மீன் தெளிந்து தீனி எடுக்க ஆரம்பித்த பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். எண்ணைச் சொல்ல மறுக்கும் கடையில் அடுத்த முறை மீன் வாங்காதீர்கள்.

தேங்காப்பட்டணத்துத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. பக்கத்திலேயே துறைமுகம், படகு எண்ணெய். நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் அங்கே எடுக்கும் தண்ணீரின் உப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பொழியூர்ப் பக்கம் போனாலும் நெய்யாற்றின் பொழிமுகம், அதே கதை. முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் விட்டு விலகி, பாறைக்கரையில், மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு எடுங்கள். இல்லையென்றால் கடல் மீனுக்கென்று விற்கும் கலவை உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பு வேண்டவே வேண்டாம். புத்தளம் உப்பளத்தில் போய்ப் பாருங்கள், உப்பு விளைந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். கடலின் மக்னீசியத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். சோறாக்க நல்ல உப்பு, கடலாக்க ஆகாது.

இனி அந்த மூன்று மணி நேரச் சொட்டு. கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள், கேட்கவும் பொறுமையான வேலை மாதிரி இருக்கும். பையில் அடைபட்ட மீன் மூச்சு விட விடத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாயும். அதே தண்ணீரில் மீன் கழித்த அமோனியாவும் சேரும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அந்த அமோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாக நச்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது. பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். அந்த வாளியில் மூன்று மணி நேரம் வைத்திருந்தீர்கள். செவுள் வேகமாக அடிப்பதற்கு இதுவே போதும்.

கொல்லத்திலோ எர்ணாகுளத்திலோ வாங்கி நெடுநேரம் பையில் வரும் மீனுக்கு என் முறை இதுதான். தொட்டியின் உப்பை முன்கூட்டியே கடையின் அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். பையைத் திறக்காமல் இருபது நிமிஷம் மிதக்கவிட்டால் சூடு சமமாகும். அப்புறம் திறந்து, கையாலோ கப்பாலோ மீனை மட்டும் எடுத்து உடனே விட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

அந்தத் தொட்டியும் விற்பனைத் தொட்டியாக இருக்கக் கூடாது. மணலோ கல்லோ இல்லாத வெறும் தனித் தொட்டி, ஸ்பான்ஜ் பில்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, மூன்று பக்கம் துணி மூடல். புது மீன் நான்கு வாரமாவது அதில் இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமி மீனை விட்டு இறங்கி, தொட்டியடியில் ஒட்டி, மறுபடி ஏற நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் பார்த்துவிட்டு "நோய் இல்லை" என்று சொல்ல முடியாது.

உங்கள் பழைய ஸ்பான்ஜ் இங்கே உதவாது. நன்னீரில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கடல் தண்ணீரில் வேலை செய்யாது. புதுக் கடல் தொட்டி பதமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டு, அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன். "ஊற்றியதும் ரெடி" என்று விற்கும் பாக்டீரியா பாட்டிலை நம்பி இருபது குஞ்சை இறக்க மாட்டேன்.

மருந்துக்கு வருகிறேன். மீன் உடம்பில் சளி பாளம் பாளமாக உரிந்தால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய், நீமோ இனத்தில் அடிக்கடி வருவது. அதற்குக் காப்பர் கேட்காது, பார்மலின் சிகிச்சை வேண்டும். மஞ்சள் தூசி தூவியது போலிருந்தால் வெல்வெட் நோய். அதற்குக் காப்பர் உண்டு, ஆனால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய இடைவெளியில் நிறுத்த வேண்டும். அதைச் சொட்டில் அளக்க முடியாது, காப்பர் கிட் வேண்டும். நீல மருந்து பில்டரில் வளரும் பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் இந்த இரண்டு நோயுமே தெரியவில்லை, எனக்குத் தண்ணீர்தான் தெரிகிறது.

தீனிக்கு, நாளை மறுநாள் காலை முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டிமியா (சின்ன உப்புநீர் இறால்) குஞ்சு கொஞ்சம் விடுங்கள். கிடைக்காவிட்டால் கடியப்பட்டணம், இனயம் பக்கம் பாறையில் எடுக்கிற சிப்பியின் சதையை அலசி, கடுகளவாக நறுக்கிப் போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். கடையில் என்ன தீனி கொடுத்தார்கள் என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அனிமோன் வாங்காதீர்கள். அதற்குப் பலமான வெளிச்சமும் பல மாதம் பதமான தொட்டியும் வேண்டும். உங்கள் தொட்டியில் அது செத்து அழுகினால் மிச்சம் பதினைந்தும் போகும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த நீமோவுக்கு உடைந்த மண்சட்டியே போதும், பிற்பாடு முட்டை வைப்பதும் அதன் மேல்தான். அதே கடைக்காரர் பவளக்கல் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், ஷெட்டில் கல்லோடு நிற்பது நீங்கள்.

உப்பளவு, பிஎச், அமோனியா மூன்றையும் அளந்து எழுதுங்கள், கடைக்காரர் சொன்ன எண்ணையும் சேர்த்து.